யானை கனவில் வந்தால் என்ன பலன்?

எங்கள் மாவட்டத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பஞ்சாங்கம் இருக்கும். அதன் கடைசிப் பக்கங்களில், பல்லி விழும் பலனுக்குப் பக்கத்தில், கனவுப் பலனும் அச்சாகியிருக்கும். யானையைக் கண்டால் செல்வம் சேரும். பாம்பு கடித்தால் பீடை ஒழிந்தது. பல் விழுந்தால் நெருங்கிய உறவில் கெட்ட சேதி. கல்யாணம் கண்டால் சாவு, சாவு கண்டால் கல்யாணம். சின்ன வயதிலிருந்து படித்துப் பழகிய பட்டியல்தான். ஆனால் போன தை மாதத்துக்கு அப்புறம் அந்த முதல் வரியைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை. யானையைக் கோயில் வாசலில், நெற்றிப் பட்டத்தோடு மட்டும் பார்த்திருக்கிற ஊருக்காக எழுதிய வரி அது. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் ராகி விதைத்துவிட்டுக் கார்த்திகை முழுக்கப் பரண்மேல் கண்விழித்துக் கிடக்கிறவர் கனவில் வரும் யானைக்கும் அதே பலன்தானா?

என் தாய்மாமாவுக்கு அஞ்செட்டி போகிற சாலையில், காட்டோரமாக இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்குவது எல்லா வருஷமும் நடப்பதுதான், இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் களியைத் தின்றுவிட்டுப் பரண் ஏறினால் விடிகிறவரை இறங்க முடியாது. டார்ச், தகர டப்பா, நாலு வெடி, கீழே அணையாமல் ஒரு கட்டை நெருப்பு. ஒரு ராத்திரி நானும் அவரோடு பரணில் இருந்திருக்கிறேன். யானை ராகி தின்பதை அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு குத்துச் செடியைத் தும்பிக்கையால் சுருட்டி வேரோடு பிடுங்கியது. அப்படியே வாயில் வைக்கவில்லை. முன்னங்காலில் இரண்டு தட்டு தட்டியது, மண் உதிர்ந்தது, அப்புறம்தான் தின்றது. மறுபடி அடுத்த குத்து. நடுவில் வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு உறுமல், காதில் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில் அதிர்கிற சத்தம். மாமா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். அந்தப் பிடியில் இருந்த பயத்தை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அறுவடைக்கு அப்புறம் வந்த கனவு

வேடிக்கை என்னவென்றால், காவல் இருந்த அந்த இரண்டு மாதமும் அவருக்குக் கனவு எதுவும் வரவில்லை. ராகி அறுத்து, அடித்து, மூட்டை வீட்டுக்கு வந்து, கூட்டமும் காட்டுக்குத் திரும்பிய பிறகுதான் ஆரம்பித்தது. தூங்கப் போனவர் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் உடம்பு வேர்த்து எழுந்து உட்கார்ந்துவிடுவார். திண்ணையில் பீடி புகையும். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். கேட்கக் கேட்கத்தான் அத்தைக்கு விஷயம் கிடைத்தது. யானை வருகிறது. வயலில் நிற்கிறது. சத்தமே இல்லை. தகரத்தைத் தட்ட வேண்டும், கை எழ மாட்டேன் என்கிறது. கத்த வேண்டும், தொண்டை அடைத்துக்கொள்கிறது. அங்கேயே முழிப்புத் தட்டிவிடுகிறது. மறுநாளும் அதே கனவு.

மாட்டுப் பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் அங்கே கூடியிருந்தோம். மாட்டுக்குப் படைத்துவிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அத்தைதான் பேச்சை எடுத்தார். மாமா கூச்சத்தோடு இரண்டு வரி சொன்னார். அவ்வளவுதான், பதில்கள் வந்துவிட்டன. அத்தை ஏற்கெனவே பஞ்சாங்கத்தைப் பார்த்து வைத்திருந்தார். "ஆன வந்தா நல்லதுதான், புள்ளையார் வந்த மாதிரி. அதுவும் விடியக்காலம் கண்டது பலிக்கும்." ஓசூரில் கம்பெனியில் வேலை பார்க்கிற என் சின்னம்மா மகன் அதை மறுத்தான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. ராத்திரியில மூளை எதையாவது ஓட்டிக்கிட்டிருக்கும். அதுக்கு அர்த்தமே கெடையாது." இரண்டு பேரும் மாமாமேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார்கள். மாமா "சரி சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

நல்ல சேதி என்று ஒருவர், அர்த்தமே இல்லை என்று ஒருவர். ஒன்றுக்கொன்று நேர் எதிரான பதில்கள். ஆனால் மாமாவின் பேச்சு இரண்டாவது வரியோடு நின்றுபோனது. எனக்கு அன்று உறுத்த ஆரம்பித்தது இதுதான்.

ராத்திரியில் மூளை செய்கிற வேலை

தம்பி சொன்னதற்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி வரலாறு இருக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தன்னுடைய எட்டு வயது மகனைத் தூங்கவைத்து, கண்ணோரத்தில் மின்கம்பிகளை ஒட்டி, ராத்திரி முழுக்க ஒரு பழைய பதிவுக் கருவியின் முன்னால் கண்விழித்திருந்தார். தூங்குகிற பிள்ளையின் கண்கள் மூடிய இமைக்குள் விட்டுவிட்டு வேகமாக அலைபாய்வதைப் பேனா முனைகள் காகிதத்தில் கீறிக் காட்டின. அவரும் அவருடைய பேராசிரியர் நேதனியல் கிளைட்மனும் 1953-இல் இதை வெளியிட்டார்கள். கண் அசைகிற தூக்கம் என்று ஒன்று தனியாக இருப்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கிளைட்மனும் வில்லியம் டிமென்ட்டும் 1957-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் தூக்கத்திலிருந்து எழுப்பிய பத்துத் தடவையில் சுமார் எட்டுத் தடவை ஆட்கள் தெளிவான கனவைச் சொன்னார்கள்.

இந்தத் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. முன்னிரவில் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். விடிய விடிய நீண்டுகொண்டே போய், கடைசிச் சுற்றில் அரை மணி நேரம் கூட நீடிக்கும். விடியற்காலைக் கனவு என்று நம்மவர்கள் தனியாகப் பிரித்து வைத்ததற்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீளமான கனவு அந்த நேரத்தில்தான் வருகிறது, அதிலிருந்து நேராக விழிப்பதால் அதுதான் நினைவிலும் நிற்கிறது. நினைவில் நிற்பதைத்தான் பலித்ததா இல்லையா என்று சரிபார்க்க முடியும். முதல் சாமத்துக் கனவுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

காவல் முடிந்த பிறகு ஏன் கனவு வந்தது என்பதற்கும் பதில் கிடைக்கிறது. டிமென்ட் 1960-இல் ஒரு சோதனை செய்தார். கண் அசைவு தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஆளை எழுப்பிவிடுவார். சில ராத்திரி அப்படி எழுப்பிய பிறகு நிம்மதியாகத் தூங்கவிட்டால், அந்த வகைத் தூக்கம் வழக்கத்தைவிட அதிகமாக வந்தது. விட்டுப்போனதை உடம்பு பிறகு எடுத்துக்கொள்கிறது. இரண்டு மாதம் ராத்திரியில் விழித்து, பகலில் மாட்டுக் கொட்டகை நிழலில் கோழித்தூக்கம் போட்ட ஒரு மனிதர், அறுவடை முடிந்ததும் முழுத் தூக்கம் தூங்க ஆரம்பித்தார். கனவு வருவதற்கு அப்போதுதான் இடம் கிடைத்தது. நம் பக்கத்தில் காவல் முடிந்த வீடுகளில் விசாரித்துப் பாருங்கள், தை மாசியில் தூக்கத்தில் உளறுகிறவர்களைப் பற்றிப் பெண்கள் சொல்வார்கள்.

கை எழாத விஷயத்துக்கும் ஒரு விளக்கம் உண்டு. கண் அசையும் தூக்கத்தின்போது, மூளையின் அடியில் இருக்கும் மூளைத்தண்டிலிருந்து வருகிற ஒரு தடை, மூச்சும் கண்ணும் தவிர அநேகத் தசைகளை முடக்கி வைக்கிறது. பிரான்சின் லியோன் நகரத்தில் மிஷேல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் அந்தத் தடையை உண்டாக்கும் சிறு பகுதியை நீக்கிப் பார்த்தார். பூனைகள் தூங்கிக்கொண்டே எழுந்து நின்றன, கண்ணுக்குத் தெரியாத எதன்மீதோ பதுங்கிப் பாய்ந்தன. நமக்கு அந்தத் தடை இருப்பதால்தான் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து குதித்து ஓடுவதில்லை. விழிப்பு வந்தும் தடை விலகாமல் நின்றால் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும், கண் திறந்திருக்கும், விரலைக்கூட அசைக்க முடியாது. அமுக்குவான் பேய் என்று நாம் சொல்வது அதைத்தான். கனவில் கால் நகராமல், குரல் வராமல் தவிப்பதற்கும் இந்த முடக்கமே காரணமாக இருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

தம்பி சொன்ன 'அர்த்தமே கிடையாது' என்பதன் வேர் 1977-இல் ஹார்வர்டின் ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. தூக்கத்தில் மூளைத்தண்டு தன்பாட்டுக்கு மேலே தூண்டுதல்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது, மேல்மூளை அந்தக் கலவையை முடிந்தவரை ஒரு கதையாகக் கோர்க்கப் பார்க்கிறது, அதுதான் கனவு என்றார்கள். அடக்கிவைத்த ஆசைகள்தான் கனவாக வருகின்றன என்று சொன்ன ஃப்ராய்டின் செல்வாக்குக்கு எதிராக அன்றைக்கு விழுந்த பெரிய அடி இது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் சோம்ஸ் 1990-களில் மூளையில் அடிபட்ட நோயாளிகளை வரிசையாகப் பார்த்தார். சிலருக்கு மூளைத்தண்டு நன்றாகவே இருந்தது, முன்மூளையில் ஆசையையும் நாட்டத்தையும் தூண்டும் நரம்புப் பாதை மட்டும் அறுபட்டிருந்தது. அவர்களுக்குக் கனவே நின்றுபோயிருந்தது. ஆக, கனவில் நம்முடைய விருப்பத்துக்கும் பயத்துக்கும் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் கால்வின் ஹால் ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேகரித்து, அவற்றில் என்னென்ன வருகிறது என்று எண்ணிப் பார்க்க ஒரு முறையை உண்டாக்கினார், 1966-இல் அது புத்தகமாக வந்தது. அதைப் பின்பற்றியவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான்: பகலில் எது நம் மனத்தை அரிக்கிறதோ அதன் ஆட்கள், அதன் கவலைகள்தான் பெரும்பாலும் ராத்திரியிலும் வருகின்றன. பின்லாந்தின் ஆன்ட்டி ரெவோன்சுவோ 2000-இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஆபத்தை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பதற்காகவே ஆதி மனிதனுக்குக் கனவு உண்டாகியிருக்கும் என்று வாதிட்டார். காட்டு மிருகத்திடம் பயந்து வாழ்ந்த ஆதி மனிதனைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அஞ்செட்டி சாலைதான். இங்கே அது பழைய கதை இல்லை.

கண்ணகி சொல்லாமல் விட்டது

நம் இலக்கியத்தில் கனவுகளுக்குக் குறைவில்லை. காப்பியக் கனவுகளில் ஒரு வசதி உண்டு, முடிவு தெரிந்த ஒருவர் அதை எழுதுகிறார். அதனால் அவை எல்லாம் தவறாமல் பலிக்கும். கனவு என்றாலே வரப்போவதைச் சொல்வது என்ற எண்ணம் நமக்குள் இவ்வளவு ஆழமாக ஊறியிருப்பதற்கு, தலைமுறை தலைமுறையாக நாம் கேட்ட கதைகளும் கூத்துகளும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிற இடத்தைப் பலன் பார்க்காமல் ஒரு தடவை படித்தால் வேறொன்று கண்ணில் படும். கணவன் கையைப் பிடித்து ஒரு பெரிய ஊருக்குள் கூட்டிப் போனான், அந்த ஊரார் தேளைப் போட்ட மாதிரி என்மேல் ஒரு பழியைப் போட்டார்கள், நான் அரசன் முன்னால் வழக்குரைத்தேன், அரசனுக்கும் ஊருக்கும் தீங்கு வந்தது என்று கண்ணகி சொல்கிறாள். அதற்கப்புறம் எங்களுக்குக் கிடைத்ததைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும் என்று சொல்லி நிறுத்திவிடுகிறாள்.

தோழி என்ன செய்கிறாள்? அந்தக் கடைசிப் பகுதி என்ன என்று கேட்கவில்லை. நீ முற்பிறப்பில் ஒரு நோன்பு தவறிவிட்டாய், கடலோரம் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு பொய்கை இருக்கின்றன, அதில் குளித்துக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு கூடுவாய் என்று பரிகாரம் சொல்கிறாள். பெருமை ஆகாது என்று ஒரே சொல்லில் அதை மறுத்துவிட்டுக் கண்ணகி இருந்துவிடுகிறாள். தேவந்திமேல் எனக்குக் கோபம் இல்லை. என் அத்தையைப் போல அவளும் அன்பானவள். ஆனால் பல இரவு தனியாகக் கிடந்த ஒரு பெண், வாய் திறந்து தன் பயத்தைச் சொல்ல வந்த நேரம் அது. சொல்லாமல் நின்ற வரி எது என்று கேட்க ஆள் இல்லை. பிற்பாடு நடந்ததெல்லாம் தெரிந்த நமக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

ஆயா கேட்ட கேள்விகள்

மாட்டுப் பொங்கல் அன்று ராத்திரி, பிள்ளைகளெல்லாம் தூங்கிய பிறகு, மாமா வழக்கம்போலத் திண்ணைக்கு வந்தார். ஆயா அங்கேதான் படுத்திருந்தார், மாமாவைப் பெற்றவர். எண்பதைத் தாண்டியவர், தாத்தா போன பிறகு பத்து வருஷத்துக்கு மேல் தன் கையால் அந்த நிலத்தைக் காவல் காத்தவர். நான் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். தூங்கவில்லை.

"எத்தன ஆனடா வருது?" என்றார் ஆயா, எடுத்த எடுப்பில்.

"ஒண்ணுதாம்மா."

"ஒத்தையா? கொம்பு இருக்குதா?"

"இருக்குது."

"எந்தப் பக்கமா வருது?"

"ஓடைப் பக்கமா."

"புளியமரத்துக்கு இந்தாண்ட வந்துடுச்சா, அந்தாண்டயேவா?"

"இந்தாண்ட வந்துடுச்சும்மா."

இது கனவைப் பற்றிய விசாரணையாகவே எனக்குத் தெரியவில்லை. நேற்று ராத்திரி வயலுக்கு வந்த யானையைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டார். மாமாவும் அப்படியேதான் பதில் சொன்னார், பகலில் இருந்த கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்புறம் ஆயா கேட்டார்: "நீ எங்க இருக்கற?"

"பரண்மேல."

"பரண்மேல இருக்கறவனுக்கு எதுக்குடா இந்தப் பயம்?"

மாமா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "கீழ அவன் நிக்கறாம்மா."

அவன் என்றால் மகன். மாமாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து ராத்திரிக் காவலுக்கு அவனும் கூட வருகிறான். கீழே நெருப்பு அணைந்துபோனால் இறங்கிப் போய் மூட்டுவது அவன் வேலை. கார்த்திகையில் ஒரு ராத்திரி அப்படி இறங்கிக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தபோது, தனியாக வந்த ஒரு கொம்பன் யானை புளியமரத்தைத் தாண்டி வந்து நின்றதை மேலிருந்து மாமா பார்த்துவிட்டார். மகனுக்கு நாலைந்து ஆள் தூரத்தில் நிற்கிறது. மாமா கையில்தான் தகரம் இருக்கிறது. தட்டவில்லை. கூப்பிடவில்லை. "சத்தமே வரலம்மா எனக்கு. அது தானா திரும்பிப் போச்சு. வராம இருந்திருந்தா?" என்று சொல்ல வந்தவர், "திரும்பாம இருந்திருந்தா?" என்று திருத்திச் சொன்னார். இரண்டு மாதமாக இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை.

நான் மேலே எழுதிய தசை முடக்க விளக்கத்தை அதற்கப்புறம் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன். அறிவியலாக அது சரிதான். ஆனால் மாமாவின் தொண்டை அடைத்தது முதலில் தூக்கத்தில் இல்லை, முழு விழிப்பில், பரண்மேல். கனவு அந்த ராத்திரியை அப்படியே எடுத்துவந்து காட்டிக்கொண்டிருந்தது. பஞ்சாங்கத்தின் பக்கத்தில் யானை மட்டும் இருந்தது, மகன் இல்லை. தம்பியின் விளக்கத்தில் மூளை மட்டும் இருந்தது, புளியமரம் இல்லை. யானை எந்தப் பக்கம் வரும், காவல்காரன் எங்கே நிற்பான், எங்கே நின்றால் பயப்பட வேண்டும், எங்கே நின்றால் வேண்டாம் என்று தெரிந்த ஒருவர் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. கனவுக்கு அர்த்தம் உண்டா என்று யாராவது இனி என்னைக் கேட்டால் உண்டு என்றுதான் சொல்வேன். ஆனால் அது யானைக்குள் இல்லை, கண்டவரின் வாழ்க்கைக்குள் இருக்கிறது. அவரைக் கேட்காமல் அதை எந்தப் புத்தகத்திலும் எடுக்க முடியாது.

இன்னொன்றையும் உறுதியாக நம்புகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஆம்பிளை "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிட முடியாது. கடன் பயம், மழை பொய்த்துப்போகும் பயம், பெங்களூரில் சாரத்தின்மேல் நின்று வேலை செய்கிற பிள்ளையைப் பற்றிய பயம், எதையும் சொல்ல முடியாது. ஆனால் "ராத்திரி ஒரு கனா வந்துச்சு" என்று சொல்லலாம். யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அந்த ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது. அதனால்தான் கனவைச் சொல்கிறவரிடம் உடனே பலன் சொல்வதும், உடனே மறுப்பதும் எனக்கு இப்போது பொறுக்கவில்லை. அடுத்து என்ன ஆச்சு, நீ எங்கே இருந்தாய், கூட யார் இருந்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்க அதிக நேரம் ஆகாது.

ஆயா அன்று வேறெதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. "அவங்கிட்ட சொல்லிடு" என்றார், திரும்பிப் படுத்துக்கொண்டார். கெட்ட கனவைத் தொழுவத்தில் போய் மாட்டின் காதில் சொல்லிவிட வேண்டும் என்று எங்களைச் சின்ன வயதில் அனுப்பியவர் அவர். இந்தக் கனவுக்கு மாடு போதாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

மறுநாள், கரிநாள் அன்று, பட்டியில் வைத்து மாமா மகனிடம் சொன்னார். நான் கூட இல்லை, மகன்தான் பிற்பாடு என்னிடம் சொன்னான். கொம்பன் நின்றது அவனுக்கும் தெரியுமாம். நெருப்பை ஊதும்போதே அந்த உறுமல் நெஞ்சில் அதிர்ந்திருக்கிறது. அசையாமல் அப்படியே குனிந்து இருந்திருக்கிறான். "நீங்க கத்தாததும் நல்லதுக்குத்தாம்பா. கத்தியிருந்தா நான் ஓடியிருப்பன்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லையாம், தழைக்கட்டை அவிழ்த்து ஆட்டுக்குப் போட்டாராம்.

திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு மருத்துவர்கள் கையாளும் ஒரு முறை உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் பேரி க்ராகோவும் அவரோடு சேர்ந்தவர்களும் அதைச் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். கனவை விழித்திருக்கும்போது எழுதச் சொல்வார்கள். அதை எப்படி மாற்ற விரும்புகிறார்களோ அப்படி மாற்றி எழுதச் சொல்வார்கள். மாற்றிய கனவைப் பகலில் தினமும் கொஞ்ச நேரம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கம் தேறியது. இதைப் படித்தபோது மாமாவுக்கு அந்த வேலையை மகனே செய்துவிட்டான் என்று தோன்றியது. அதே இடம், அதே கொம்பன், அதே மௌனம். மௌனத்துக்கு மட்டும் இப்போது வேறு முடிவு இருக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பகலிலும் அந்தக் காட்சி துரத்துகிறது என்றால் வீட்டுப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. யானையிடம் தப்பித்தவர்களுக்கு எலும்பு முறிவு மட்டும்தான் சிகிச்சைக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடம் மாற வேண்டும்.

மாமாவுக்குக் கனவு நின்றுவிடவில்லை. அத்தை சொல்கிற கணக்கில் குறைந்திருக்கிறது. வந்த அன்றைக்குக் காலையில் டீ குடிக்கும்போது சொல்லிவிடுகிறார். ஒரு நாள் யானை ஓடையோடு நின்றுவிட்டதாம், இன்னொரு நாள் குட்டியோடு வந்ததாம். அத்தை இப்போது முதலில் கேட்டுக்கொள்கிறார், அவரும் புளியமரம் வரைக்கும் விசாரிக்கிறார். ஓசூர்த் தம்பி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மகனை நினைத்துக் கவலைப்படுகிறவர் கவலைப்படுகிறார், அதற்குக் கனவு எதற்கு என்று போனில் என்னோடு வாதாடுகிறான். அந்த வாதம் எங்களுக்குள் நடந்துகொண்டே இருக்கட்டும்.

வீட்டில் இப்போது நடப்பது வேறு பேச்சு. ஓடையோரத்து முக்கால் ஏக்கரில் இந்த வருஷம் ராகி வேண்டாம் என்கிறார் மாமா. அங்கே பரண் போட்டால்தான் மகன் புளியமரத்துப் பக்கம் இறங்க வேண்டி வருகிறது. மின்வேலி என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கத்தில் சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் மட்டும் மிஞ்சி நின்ற செய்தியைப் பார்த்துவிட்டு ஆயா அன்று சாப்பிடவில்லை. அப்படியானால் ஓடையோரத்தில் கொள்ளு போடலாமா, சும்மா விடலாமா என்று கேட்டால், வருஷத்துக்குக் களிக்கு ராகியை எங்கே வாங்குவது, கடை ராகி என்ன விலை தெரியுமா என்று அத்தை கேட்கிறார். மகன் இருவருக்கும் நடுவில், பரணை மட்டும் நிலத்தின் நடுவுக்கு மாற்றிப் போடலாம் என்கிறான். ஆடி மழை எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்து கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள்.